யார் யாரிடம் கற்றார்கள்? மலையகத்தில் சமயமும் கல்வியும் சமாதானமும்

ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் போனால், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி ஒரு சின்னத் தேவாலயம் நிற்கிறது. வார்லி கிறிஸ்து தேவாலயம், 1878இல் கட்டியது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், மரவாங்குகள், வெளியே கல்லறைத் தோட்டம். கல்லறைகளில் துரைமார் குடும்பங்களின் ஆங்கிலப் பெயர்கள் இன்றும் வாசிக்கத் தெளிவாக இருக்கின்றன. அந்த மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் நாலாபுறமும் தேயிலை, இடையிடையே லயங்கள், லயங்களுக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயில். அந்தத் தேயிலையை நட்டவர்களின் பெயரைப் பொறித்த கல்லைத்தான் காணவில்லை.

ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு கூட்டத்தார் இந்த மலைகளுக்கு வந்தார்கள். ஒரு கூட்டம் மேற்கிலிருந்து மூலதனத்தோடும் வேதப் புத்தகத்தோடும் வந்தது. மற்றது பாக்கு நீரிணையைக் கடந்து, கங்காணியின் பின்னால், குலதெய்வத்தை மடியில் முடிந்துகொண்டு வந்தது. மலையடிவாரங்களில் கண்டிச் சிங்களக் கிராமங்கள் அவர்களுக்கு முன்பே இருந்தன. இந்த மூவருக்கும் இடையே சமயத்தின் பெயரால் நடந்த கல்விப் பரிமாற்றம் என்ன செய்தது? அதனால் மலையகத்தில் சமாதானம் வளர்ந்ததா? இக்கேள்வியை 170 ஆண்டு வரலாற்றின் மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பிக்க வந்தவர் தாமும் மாணவராக உட்கார்ந்த இடங்களில் சமாதானம் வேர்விட்டது. மேலிருந்து கொடுத்துவிட்டுப் போன இடங்களில் கட்டடம் மிஞ்சியது. சில நல்ல மாணவர்களும் மிஞ்சினார்கள். மனங்களுக்கு நடுவே இருந்த சுவர் அப்படியே நின்றது.

உபதேசியாரும் லயப் பள்ளிக்கூடமும்

1820களில் கோப்பித் தோட்டங்களோடு தொடங்கிய குடியேற்றம், அடுத்த முப்பது ஆண்டுகளில் பெருவெள்ளமானது. தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1854இல் கண்டியைச் சுற்றியிருந்த தோட்டத் துரைமார் சிலரும் மிஷனரிகளும் சேர்ந்து இந்த மக்களுக்கென்று ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கம் அதைத் தாங்கியது. பின்னாளில் 'கூலி' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்தார்கள். சொல் போயிற்றே தவிர, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த பார்வை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

இந்த மிஷனைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனவர்கள் வெள்ளைக்காரப் போதகர்களைவிடத் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களே. மேற்கின் கல்வி மலையகத்துக்கு நேராக வரவில்லை; பாளையங்கோட்டைப் பக்கத்துத் தமிழ் நாக்கின் வழியாக வந்தது. உபதேசியாரும் லயத்து ஆளும் பேசிய மொழி ஒன்று. ஆனால் உபதேசியாருக்குப் பின்னால் துரையின் அனுமதி இருந்தது. அவர் லயத்து வாசலுக்கு வரும்போது அந்த அனுமதியும் கூடவே வந்தது.

மதம் மாறியவர்கள் குறைவு. லயத்து மக்களில் பெரும்பான்மையோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் விடவில்லை. மாசி வந்தால் காமன் கூத்து நடந்தது, திருவிழாவுக்குத் தப்பு முழங்கியது. ஆனால் எழுத்து வந்து சேர்ந்தது. மலையக இலக்கியத்தின் முதல் நூலாக ஆய்வாளர்கள் குறிப்பிடும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. எழுதியவர் ஆபிரகாம் ஜோசப். கோப்பிச் செய்கையைக் கும்மி மெட்டில் கற்றுத்தரும் நூல் அது. அதே ஆண்டில்தான் கோப்பியை அழிக்கப்போகும் இலைநோய் இலங்கையில் தலைகாட்டியது. நம் கிராமத்துக் கும்மி மெட்டு முதன்முதலில் இங்கே அச்சேறியபோது அதற்குள் இருந்தது வேலைப் பாடம். வாழ்வைப் பற்றிய பாடல் அச்சேற இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1907ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுப்பதைத் துரையின் பொறுப்பாக்கியது. அதன்படி வந்தவைதாம் லயப் பள்ளிக்கூடங்கள். ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் அந்த அறைக்குள்ளேயே. ஒரு மூலையில் 'அ' எழுதும் பிள்ளை, இன்னொரு மூலையில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை. தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் கேட்ட அக்காமார் எத்தனையோ பேர். பத்து வயதானால் பிரட்டுக்களம் அழைக்கும். பையன் புல்வெட்டப் போவான், பெண் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுவாள். சட்டமே பத்து வயதோடு நின்றுவிட்டது. அதற்குமேல் படித்துவிட்டால் மலையில் யார் வேலைசெய்வார்கள் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.

அந்தக் கணக்கை மீறியவை நகரத்து மிஷன் பள்ளிகள். ஹட்டனில் மெதடிஸ்தக் கல்லூரி, நுவரெலியாவில் பரிசுத்த திரித்துவக் கல்லூரி, கத்தோலிக்கக் கன்னியர்களும் துறவியரும் நடத்திய பள்ளிகள் ஆகியவற்றுக்குள் தோட்டத்திலிருந்து ஒருசிலரே போய்ச்சேர முடிந்தது. பெரும்பாலும் கங்காணி, கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள். அந்தச் சிலரில் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர் படித்த இடங்களைப் பாருங்கள்: நுவரெலியாவில் அங்கிலிக்கன் பள்ளி, ஹட்டனில் மெதடிஸ்தப் பள்ளி, கொழும்பில் நாலந்தா எனும் பௌத்தக் கல்லூரி. மூன்று சமய மரபுகளின் வாசல்கள் வழியே நடந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை, தன் மக்களின் துயரத்தை ஆங்கிலக் கவிதையாக்கி உலகின் முன் வைத்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். கடைசிக் காலத்தில் லயத்துப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். மேற்கு கொடுத்த மொழியை வாங்கி, அதிலேயே மேற்குக்குப் பதில் சொன்னவர் அவர். கற்பித்தவர்கள் எதிர்பார்க்காத பதில் அது.

மெதடிஸ்தக் கல்லூரியாக இருந்து ஹைலண்ட்ஸ் என்று பெயர் பெற்ற பள்ளியில் அதிபராயிருந்த இர. சிவலிங்கம், 1960களில் ஒரு தலைமுறையையே தட்டியெழுப்பினார். 'இந்திய வம்சாவளி' என்ற அடையாளத்துக்கு மேலாக 'மலையகத் தமிழர்' என்ற பெயரை இளைஞர்கள் உரக்கச் சொல்லத் தொடங்கியதில் அவருக்கும் அவரோடு இருந்த ஆசிரியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. மிஷன் கட்டிய வகுப்பறைக்குள்ளே மிஷனின் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது.

ஒரே அநீதி, இரண்டு வீடுகள்

மலையகத்தில் சமாதானம் என்று பேசும்போது, சண்டை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் தாண்டக் கூடாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம், உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை என்றது. கண்டிக் குடியானவன் தலைமுறையாகப் புழங்கிய மேட்டுநிலம் அவன் கண்ணெதிரே தோட்டமாயிற்று. அந்தத் தோட்டத்தில் வேலைக்கு வந்து இறங்கியவன் தமிழன். நிலத்தைப் பறித்தவர் பங்களாவில் இருந்தார். குடியானவன் கண்ணில் பட்டவரோ லயத்தில் இருந்தவர். கோபம் கண்ணில் பட்டவர்மேல் திரும்பியது. காணியை இழந்தவனும் காணியே இல்லாதவனும் அயலவர்களாகி, ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள்.

சுதந்திரம் அந்தச் சந்தேகத்தைச் சட்டமாக்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடற்றோர் பிரச்சினையின் இறுதி முடிச்சு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அவிழ்ந்தது.

கல்வியிலும் இதே கதைதான். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டையே மாற்றியது. தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1960, 61இல் அரசு உதவிபெறும் மிஷன் பள்ளிகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் துரையின் கையிலேயே கிடந்தன. 1970களின் பிற்பகுதியில்தான் அவை படிப்படியாக அரசுக்கு வந்தன. பின்னர் சுவீடன் அரசின் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாகி, தோட்டத்துப் பிள்ளைகளே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகும் வழி அகலமானது. அரசுகள் கொடுத்த இந்த மதச்சார்பற்ற உதவி, மிஷன் ஒரு நூற்றாண்டில் எட்டாத எண்ணிக்கையை இருபது ஆண்டுகளில் எட்டியது. சமயத்தின் பங்கைப் பேசும்போது இந்த உண்மையை மறைப்பது நேர்மையாகாது.

பாயில் உட்கார்ந்தவர்கள்

அப்படியானால் சமயத்துக்கு மிஞ்சிய வேலை என்ன? பள்ளி கட்டுவது அரசின் கைக்குப் போன பிறகுதான் சமயம் தனக்குரிய வேலையைக் கண்டுபிடித்தது என்பது என் கணிப்பு.

1972இல் கண்டியில் 'சத்தியோதயம்' என்ற நிலையம் தொடங்கியது. தொடங்கியவர் இயேசு சபைத் துறவி அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் (1925–2017). ஒக்ஸ்போர்டில் படித்தவர், அந்தப் படிப்பைத் தோட்டத்து மக்களின் பக்கம் திருப்பியவர். சிங்களவரும் தமிழரும், கிறிஸ்தவரும் பௌத்தரும் இந்துக்களும் ஒரே கூரையின் கீழ் வேலைசெய்யும் இடமாகச் சத்தியோதயத்தை அமைத்தார். தோட்டப் பகுதிகளில் பணிபுரியும் குழுக்களை இணைக்கும் செயலகம் ஒன்றும் அங்கிருந்து பிறந்தது. 1973, 74இல் அரிசியும் மாவும் தட்டுப்பட்டுத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்த காலம் அது. 1973இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு ஆவணப்படம், காலையில் தேநீர் குடிக்கும் வீடுகளுக்குள் லயத்து அடுப்பைக் கொண்டுபோய் நிறுத்தியது. நூறாண்டாக மேற்கு பேசியது, கிழக்கு கேட்டது. இப்போது முதன்முறையாகக் கிழக்கின் குரலை மேற்கு கேட்டுத் தலைகுனிந்தது. 1979இல் கஸ்பர்ஸ் முன்னின்று தொடங்கிய இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம், சமாதானத்தை உரிமையோடு சேர்த்துப் பேசியது.

அதே 1972இல் இன்னொருவர் எடுத்த முடிவும் நினைக்கத் தக்கது. கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, வசதியான அந்த மறைமாவட்டத்தை விட்டுப் புதிதாகப் பிரிந்த ஏழைப் பதுளை மறைமாவட்டத்துக்குத் தாமே விரும்பிப் போனார். பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற பயிற்சி நிலையத்தை அமைத்தார். குருமாணவர்கள் ஏட்டை மட்டும் படிக்காமல் கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு வாழ்ந்து கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே கற்பித்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ 1980இல் புத்தளையின் சிங்கள பௌத்தக் கிராமத்தில் ஒரு குடிசையில் குடியேறினார். மதம் மாற்றப் போகவில்லை. பௌத்த விவசாயிகளிடமும் பிக்குகளிடமும் கற்கப் போனார். 1987 நவம்பர் 10ஆம் திகதி, பூசை நடந்துகொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கற்பிக்க வந்தவர் மாணவராவது எவ்வளவு ஆபத்தான செயல் என்பதற்கு அவர் இரத்தமே சாட்சி.

கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரி இன்னொரு நல்ல முன்மாதிரி. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த சபைகள் போன்றவை பிரிந்து நின்ற காலம் போய், ஒன்றாகச் சேர்ந்து நடத்தும் கல்லூரி அது. பாடம் சிங்களத்திலும் தமிழிலும் நடக்கிறது. ஒரே வளாகம், ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே வழிபாடு. தெற்கின் சிங்கள மாணவனும் தோட்டத்துத் தமிழ் மாணவனும் பக்கத்துப் பக்கத்து அறையில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். போர் நடந்த ஆண்டுகளிலும் அந்தச் சாப்பாட்டு மேசை பிரியவில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்த மலையகத்தில், இப்படி ஒரு மேசை நிலைத்ததைச் சிறிய செய்தியாக நான் எண்ணவில்லை.

மாணவராக வந்த மேற்கு

மேற்கிலிருந்து கற்க வந்தவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியில் பிறந்து பௌத்தம் கற்க வந்த ஞானதிலோக தேரரை முதலாம் உலகப் போர் தொடங்கியதும் தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். அவருடைய சீடரான ஞானபோனிக தேரர், ஜெர்மனியின் யூதக் குடும்பத்தில் பிறந்து 1936இல் இலங்கைக்கு வந்தவர். அவரையும் இரண்டாம் உலகப் போரில் தியத்தலாவையில் அடைத்து, பிறகு டேராடூனுக்கு அனுப்பினார்கள். 1958இல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நண்பர்களோடு தொடங்கிய அவர், உடவத்தக் காட்டு ஆசிரமத்திலிருந்து எழுதிய நூல்களால் தேரவாத பௌத்தத்தை மேற்குலகுக்கு வாசிக்கக் கொடுத்தார்.

மேற்கு இங்கே மாணவனாக உட்கார்ந்தது. அதனால் மரியாதை பிறந்தது. ஆனால் என் மனத்தை விடாமல் அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. பாலி மொழி கற்கக் கடல் கடந்து வந்தவர்கள், அதே மலையில் அடுத்த சரிவில் இருந்த லயத்தின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கற்க வந்தார்களா? ஏட்டில் இருந்த கிழக்கு ஞானமாகப் போற்றப்பட்டது. கூடை சுமந்த கிழக்கு தொழிற்படையாகவே பார்க்கப்பட்டது. லயத்துப் பாடலைத் தொகுக்க லயத்துப் பிள்ளையே வளர்ந்து வரவேண்டியிருந்தது.

இன்றைய சிக்கல்கள்

இன்று ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கங்களில் வெளிநாட்டுத் துணையோடு ஆங்கிலமும் கணினியும் தலைமைப் பண்பும் கற்பிக்கும் நிலையங்கள் பல. அவற்றால் ஹோட்டலிலும் வங்கியிலும் வேலை கிடைத்த பிள்ளைகள் உண்டு. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனாலும் மூன்று மாதத்துக்கு வந்து போகும் தொண்டர், பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுவதற்குள் விமானம் ஏறிவிடுகிறார். போகும்போது அவர் எடுத்துப்போவது புகைப்படம். இந்த மக்கள் எப்படி வந்தார்கள், ஏன் வாக்குரிமை இழந்தார்கள் என்பதை அறியாமல் போனால், அந்தப் பயணத்தைப் பரிமாற்றம் என்று சொல்ல மாட்டேன்.

மதமாற்றம் பற்றிய மனத்தாங்கலையும் மறைக்காமல் பேச வேண்டும். ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் ஜெபக்கூட்டம், அடுத்த காம்பராவில் மாவிளக்கு. சமய விருப்பம் அவரவர் உரிமை. ஆனால் திருவிழாவுக்குத் தலைவரி கொடுப்பதா வேண்டாமா என்பதில் அண்ணன் தம்பி பேசாமல் போன லயங்கள் உண்டு. பாடப் புத்தகமும் உணவுப் பொதியும் சமயத்தோடு கட்டி வரும்போது, வாங்குபவரின் மானத்தில் ஒரு கீறல் விழுகிறது. கல்வியைத் தூண்டில் இரையாக்கும் எந்தச் சமயமும் சமாதானத்தின் பெயரைச் சொல்லத் தகுதியை இழக்கிறது.

இன்னொன்று, நம் கண்முன்னே வாரந்தோறும் நடப்பது. ஞாயிறு காலையில் இந்துப் பிள்ளை அறநெறிப் பாடசாலைக்குப் போகிறது. கிறிஸ்தவப் பிள்ளை மறைக்கல்விக்கு. பௌத்தப் பிள்ளை தகம் பாடசாலைக்கு. முஸ்லிம் பிள்ளைக்குத் தன் மத்ரஸா. ஒவ்வொன்றும் நல்லதையே கற்பிக்கிறது. ஆனால் கிழமை நாட்களில் மொழியால் பிரிந்து படிக்கும் பிள்ளைகள், ஞாயிறன்று சமயத்தாலும் பிரிகிறார்கள். ஆண்டுக்கு நான்கே நான்கு ஞாயிறுகளில் ஒரு பாடசாலைப் பிள்ளைகள் இன்னொரு பாடசாலைக்கு விருந்தினராகப் போனால் என்ன? பொங்கல் பானையை அவர்கள் வந்து பார்க்கட்டும். வெசாக் கூடு கட்ட நம் பிள்ளைகள் போய்க் கற்கட்டும். இதற்கு வெளிநாட்டுப் பணம் ஒரு சதமும் வேண்டாம்.

மலையும் நடையும்

இப்படிச் சேர்வது நமக்குப் புதிதல்ல. மஸ்கெலியாவுக்கு மேலே 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கும் மலையின் உச்சியில் ஒரு பாதச்சுவடு. பௌத்தருக்கு அது புத்தருடையது. நமக்குச் சிவனுடையது, ஆகவே அது சிவனொளிபாதமலை. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமின் பாதம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரையான சீசனில் நல்லதண்ணிப் பக்கத்துப் படிகளில் ராமுழுக்க ஆட்கள். ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் “கருணாவய்” என்று சொல்லிப் போகிறார். கருணை உண்டாகட்டும் என்று பொருள். சுவடு யாருடையது என்ற கேள்விக்கு மூன்று பதில் இருக்க, குளிரில் நடுங்கும் கிழவியைக் கைபிடித்து ஏற்ற யாரும் பதில் கேட்பதில்லை.

2023இல் மலையகம் 200 ஆண்டை நினைவுகூர்ந்தபோது, முன்னோர் வந்த வழியே திரும்ப நடந்தார்கள். தேசிய கிறிஸ்தவ மன்றமும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து ஒழுங்குசெய்த 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம், ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் செத்து விழுந்த அதே பாதையில், தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்து நடந்தார்கள். காணியும் வீடும் மொழியும் சமத்துவமும் கேட்டார்கள். 1854இல் துரைமாரின் மிஷன் அனுமதி வாங்கி லயத்துக்கு வந்தது. 2023இல் ஒரு கிறிஸ்தவ அமைப்பு, பெரும்பாலும் இந்துக்களான ஒரு மக்களின் கோரிக்கைக்குப் பின்னால் நடந்தது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே உள்ள தூரமே சமயம் கற்றுக்கொண்ட பாடத்தின் அளவு.

இனிச் செய்ய வேண்டியது

மேற்கிலிருந்து வரும் எந்தச் சமய அமைப்பும் முதல் ஆறு மாதத்தைத் தமிழ் கற்கவும், இந்த மக்களின் வரலாற்றைக் கேட்கவும் ஒதுக்க வேண்டும். அங்கிருந்து ஆசிரியர் வருவதுபோல, இங்கிருந்து தோட்டத்து ஆசிரியர்கள் அங்கே போய்த் தேயிலையின் கதையை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காணி இழந்த கண்டிக் குடியானவன் கதையைத் தமிழ்ப் பிள்ளையும், நாடிழந்த தோட்டத் தொழிலாளி கதையைச் சிங்களப் பிள்ளையும் ஒரே பாடநூலில் படிக்க வேண்டும். எதிராளி என்று நினைத்தவன் தன்னைப்போலவே பறிகொடுத்தவன் என்று தெரிந்த பிள்ளை, கல்லெடுக்கும் முன் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் சமாதானம் பிறக்கிறது.

கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் ஒரு சிறிய அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய லயக் காம்பராக்களில் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் அம்மிக்கல்லும் தப்பும் பழைய ஆவணங்களும் இருக்கின்றன. வார்லியின் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்கள் இங்கேயும் வர வேண்டும். மேற்கிலிருந்து வருபவரும் கொழும்பிலிருந்து வருபவரும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் அந்தக் காம்பராத் தரையில் சற்று நேரம் உட்கார்ந்து, ஒரு பாட்டி தன் கதையைச் சொல்லக் கேட்க வேண்டும். பாடம் நடத்தும் முறை இப்போது அவளுடையது.